அவசரமற்ற ஆட்டம்

"ஒரு பந்தை அடிக்க மூன்று நிமிடம் யோசிக்கும் ஆட்டத்தை எவ்வாறு ஐயா பொறுமையுடன் பார்க்கிறீர்கள்?" என்று நம் சங்கத்து இளைஞர் ஒருவர் அண்மையில் வினவினார். ஸ்னூக்கரைப் பற்றித்தான் அவர் கேட்டார். அவருக்கு அளித்த விடையை அன்பர்களுக்கும் கூற விழைகிறேன்.

இவ்வாட்டம் நமக்கு அந்நியமானதன்று. 1875-ல் ஜபல்பூரில் இருந்த ஆங்கிலேயப் படை அதிகாரி நெவில் சேம்பர்லின் (பின்னாளில் பிரதமரானவர் வேறொருவர்), பழைய பில்லியர்ட்ஸ் வகை ஒன்றில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து இதனை உருவாக்கினார். இராணுவப் பள்ளியின் புதிய மாணவர்களைக் கேலியாகக் குறித்த சொல்லே ‘ஸ்னூக்கர்’. பந்தைத் தவறவிட்ட நண்பரை அவர் அவ்வாறு அழைக்கப்போய், அதுவே ஆட்டத்தின் பெயராயிற்று. 1882-ல் நம் நீலகிரியிலே, ஊட்டி கிளப்பில், இதன் விதிகள் எழுதி மாட்டப்பெற்றன.

பன்னிரண்டு அடி நீள மேஜை. அதன் ஓரங்களில் ஆறு பைகள். சிவப்புப் பந்துகள் 15. வேறு வண்ணப் பந்துகள் ஆறு. வெண்பந்தைக் கோலால் அடித்து, அதனைக்கொண்டு ஏனையவற்றைப் பையில் வீழ்த்த வேண்டும். சிவப்புக்கு ஒரு புள்ளி, மஞ்சளுக்கு 2, அவ்வாறே ஏறிச்சென்று கறுப்புக்கு 7.

வீழ்த்துவது பாதி ஆட்டமே. எதிரிக்கு வாய்ப்பளியாமை மறுபாதி. வீழ்த்த வழியில்லாதபோது, தேர்ந்த ஆட்டக்காரர் சிவப்புப் பந்தை மெல்லத் தீண்டி, வெண்பந்தை மறுகோடி விளிம்போடு ஒட்டினாற்போல் நிறுத்திவிடுவார். இன்னும் நுட்பமானது, வெண்பந்தை வேறொரு பந்தின் பின்னே மறைத்துவைத்தல். அப்போது எதிரி அடிக்க வேண்டிய பந்தை நேராகத் தொட இயலாது. தவறினால் குறைந்தது நான்கு புள்ளிகள் நமக்கு. நம் ஆடுபுலி ஆட்டத்தில் ஆடுகள் புலியை அடித்தா வெல்கின்றன? அசையவிடாமல் அடைத்தன்றோ வெல்கின்றன!

கணக்கும் இதில் உண்டு. இளஞ்சிவப்பும் கறுப்பும் மட்டுமே எஞ்சினால் 6-ம் 7-ம் சேர்ந்து 13 புள்ளிகளே மேஜையில் உள்ளன. 16 புள்ளிகள் பின்தங்கியவர் இரண்டையும் வீழ்த்தினாலும் வெல்ல இயலாது. ஆயினும் எதிரியை ஒருமுறை மறைப்பில் சிக்கவைத்துத் தவறச் செய்தால் ஆறு புள்ளிகள் கிட்டும். போட்டி மீண்டும் உயிர் பெறும். பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் நடவாதது போலத் தோன்றும் அந்த நிமிடங்களில்தான் இவையெல்லாம் நடக்கின்றன.

1985-ல் ஷெஃபீல்டு நகரில் நடந்த உலக இறுதிப் போட்டியை இளைஞருக்கு நினைவூட்டினேன். ஸ்டீவ் டேவிஸ் தொடக்கத்தில் 8-0 என முந்தியிருந்தார். டென்னிஸ் டெய்லர் சிறுகச் சிறுக எட்டிப் பிடித்து 17-17 ஆக்கினார். கடைசி ஆட்டம் மட்டும் 68 நிமிடங்கள் நீடித்தது. நான்கு பந்துகள் எஞ்சியபோது டேவிஸ் 62, டெய்லர் 44. டெய்லர் பழுப்பு, நீலம், இளஞ்சிவப்பு மூன்றையும் வீழ்த்தி 59-க்கு வந்தார். மேஜையில் கறுப்பு ஒன்றுதான். அதை வீழ்த்துபவருக்கே உலகப் பட்டம்.

நள்ளிரவு கடந்துவிட்டது. இருவரும் மாறி மாறி அடித்தும் அப்பந்து விழவில்லை. டேவிஸ் மிக நுணுக்கமாக ஓரத்தில் தொட வேண்டிய அடி ஒன்று, மயிரிழையில் பிசகியது. பிரிட்டனில் ஒரு கோடியே எண்பத்தைந்து லட்சம் மக்கள் தொலைக்காட்சி முன் விழித்திருந்தனர். டெய்லர் குனிந்து, கோலை நீட்டி, கறுப்பைப் பையில் சேர்த்தார். அந்த இறுதிப் போட்டியில் அவர் முந்தியது அதுவே முதல்முறை.

இளைஞர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் போட்டியின் படம் எங்கே கிடைக்கும்?" என்றார்.