இயற்பியல் செய்முறைக் கருவிப் பெயர்கள்: மானி, காட்டி, நோக்கி, அளவி

1. முன்னுரை

இயற்பியல் செய்முறை நூலொன்றைத் தமிழாக்குவோர்க்குக் கருவிப் பெயர்கள் தனிச் சிக்கலாக அமைகின்றன. விசை, உந்தம் போன்ற கருத்துச் சொல்லொன்று முற்றும் பொருந்தாது அமைந்தாலும், அதனைத் தொடர்ந்து வரும் வரையறை அக்குறையை ஓரளவு ஈடுசெய்துவிடும். கருவிப் பெயருக்கு அத்தகைய துணை இல்லை. மாணவர் அப்பெயர் ஒன்றைக் கொண்டே மேசைமேல் உள்ள பொருளை இனங்கண்டு எடுக்க வேண்டும். சுற்றில் இணைக்க வேண்டும். எனவே கருவிப் பெயர் பொருள் விளக்கம் தருவதைவிட, உடனிருக்கும் பிற கருவிகளினின்றும் தன் கருவியைப் பிரித்துக் காட்டுவதே முதன்மையானது. 1916இல் இராசாசி முதலியோர் சேலத்தில் அறிவியல் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் அமைத்த காலந்தொட்டு ஆக்கப்பட்டு வரும் சொற்களுள், அளவைக் கருவிகளைக் குறிப்பனவற்றை இந்நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஆக்கமுறை

மண்வெட்டி, பாக்குவெட்டி, சுமைதாங்கி ஆகிய சொற்களில் பெயர், வினையடி, இகர விகுதி ஆகிய மூன்றும் இணைந்து ஒரு கருவியையோ பொருளையோ குறிக்கின்றன. இயற்பியல் கருவிப் பெயர்களிற் பல இவ்வழக்கின் தொடர்ச்சியே ஆகும். மின்மாற்றி, மின்தேக்கி, மின்காட்டி, தொலைநோக்கி என்பன புதுச்சொற்களாயினும் அவற்றின் அமைப்புப் பழையது. தமிழ் கற்ற எவரும் 'மின்னைத் தேக்குவது' என்று தாமே விரித்துக்கொள்வர்.

'மானி' இவற்றினின்றும் வேறுபடுகிறது. இது அளவைக் குறிக்கும் 'மானம்' என்னும் வடசொல்லின் வழி வந்தது. அளத்தற் பொருளில் இதற்குரிய வினையடி இன்றைய தமிழில் இல்லை. தன்மானி, அபிமானி போன்ற சொற்களில் வேறு பொருளும் உண்டு. ஆயினும் இவ்விளக்கமின்மையே இதற்குப் பயனாயிற்று எனலாம். வேறு வினையோடு தொடர்பின்றி, 'அளக்கும் கருவி' என்னும் ஒற்றை அடையாளமாக இஃது எப்பெயருக்குப் பின்னும் வந்து நிற்கிறது. ஈரப்பதமானி, நிறமாலைமானி, கலோரிமானி, சுரமானி ஆகியவை சான்றுகள். 'அளவி' தமிழ் விளக்கம் உடையதாயினும் திருகு அளவி, வெர்னியர் அளவி போன்ற நீள அளவைக் கருவிகளிலேயே பெரிதும் வழங்குகிறது. ஆங்கிலத்தில் இவ்விரண்டின் பெயர்களும் 'மீட்டர்' என முடியாமையே இதற்குக் காரணமாதல் வேண்டும். வளைபரப்பின் ஆரத்தைக் காண உதவும் கோளமானியும் நீள அளவைக் கருவியே. ஆங்கிலப் பெயர் 'மீட்டர்' என முடிவதால் அது மானி ஆயிற்று.

3. காட்டியும் நோக்கியும்

'ஸ்கோப்' என முடியும் ஆங்கிலப் பெயர்களுக்குத் தமிழில் இரு தலைச்சொற்கள் உள்ளன. தொலைநோக்கி, நுண்ணோக்கி ஆகியவற்றில் காண்பவர் கருவியினூடே நோக்குகிறார். மின்காட்டியினூடே எவரும் நோக்குவதில்லை. அதன் மெல்லிய உலோகத் தகடுகள் விரிந்து மின்னூட்டம் இருப்பதைக் காட்டுகின்றன. கிரேக்கத்தில் பார்த்தலைக் குறித்த சொல்லின் வழி வந்த ஈறு, ஆங்கிலத்தில் தன் முதற்பொருளை இழந்து பொது ஈறாகிவிட்டது. மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப் கண்ணுக்கன்றிச் செவிக்குரியதாக இருப்பதே இதற்குப் போதிய சான்று. ஆங்கிலத்தில் மறைந்த வேறுபாட்டைத் தமிழ்நாட்டு வழக்கு பயன்பாட்டு அடிப்படையில் புதிதாக உண்டாக்கிக்கொண்டது.

இலங்கைத் தமிழ் வழக்கு வேறு நெறியைப் பின்பற்றுகிறது. அங்குத் தொலைகாட்டி, நுணுக்குக்காட்டி என்றே வழங்குகின்றனர். மூலமொழி ஈறு ஒன்றுக்குத் தமிழ் ஈறு ஒன்று என்னும் ஒருமை இதனாற் கிடைக்கிறது. பெயரைக் கண்டவுடன் மூலச்சொல்லை ஊகிக்க இந்நெறி உதவும். கருவியைக் கையாளும் முறையை உணரத் தமிழ்நாட்டு நெறி உதவும். இரண்டிற்கும் தனித்தனிப் பயன் உண்டு. ஆனால் ஒரே நூலில் இரண்டையும் கலந்து ஆளுதல் இரு பயன்களையும் இழக்கச் செய்யும்.

4. மீட்டர் என்னும் சொல்லின் இருமை

பிரித்தானிய ஆங்கிலத்தில் நீள அலகுக்கும் அளவைக் கருவிக்கும் எழுத்துக்கூட்டல் வேறு. தமிழ் எழுத்தில் இரண்டும் 'மீட்டர்' என ஒன்றாகிவிடுகின்றன. இதனால் 'மீட்டர் சமனச்சுற்று' என்னும் பெயரைப் படிக்கும் மாணவர், அதனை மீட்டர் ஒன்று பொருத்தப்பட்ட சுற்றாகக் கருதக்கூடும். அப்பெயர் குறிப்பதோ 1 மீட்டர் நீளமுள்ள கம்பியை. அதே மேசையில் வோல்ட்மீட்டரும் அம்மீட்டரும் இருக்கும்போது இம்மயக்கம் மிகும். கருவிக்கு மானி, அலகுக்கு மீட்டர் எனப் பகுத்துக்கொண்டால் ஒலிபெயர்ப்பு இழந்த வேறுபாடு மீளக் கிடைக்கும்.

5. ஒரே சோதனையில் இரு கருவிகள்

பெயர்களின் தகுதி அகராதியில் அன்றி, சோதனைத் தலைப்பிலேயே வெளிப்படும். பொட்டன்ஷியோமீட்டருக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கு மின்னழுத்தமானி என்பதாகும். வோல்ட்மீட்டரைத் தூய தமிழில் தர விரும்புவோர் அதனையும் மின்னழுத்தமானி என்றே பெயர்ப்பதுண்டு. தனித்தனியே நோக்கின் இரண்டும் சரியே. இரு கருவிகளும் மின்னழுத்தத்தோடு தொடர்புடையவை. ஆனால் முன்னதைக் கொண்டு பின்னதற்கு அளவுத்திருத்தம் செய்யும் சோதனை கல்லூரிச் செய்முறைகளில் வழக்கமான ஒன்று. அங்கு 'மின்னழுத்தமானியைக் கொண்டு மின்னழுத்தமானியை அளவுத்திருத்தம் செய்தல்' என்னும் தலைப்பே எஞ்சும்.

இது சொல்லளவில் நிற்கும் குறையன்று. வோல்ட்மீட்டர் தான் அளக்கும் சுற்றிலிருந்து சிறிதளவு மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது. மற்றதில், சமநிலைப் புள்ளியில் சோதிக்கப்படும் மின்கலத்திலிருந்து மின்னோட்டம் எடுக்கப்படுவதில்லை. அச்சோதனை பொருளுடையதாவது இவ்வேறுபாட்டால்தான். இலங்கை வழக்கில் உவோற்றுமானி எனக் கருவிப் பெயர் அலகுப் பெயரின் அடியாக அமைவதால் இம்மயக்கம் எழுவதில்லை. தமிழ்நாட்டு வழக்கிற்கேற்ப 'வோல்ட்டுமானி' எனக் கொள்வது இரு கருவிகளையும் பிரித்துக் காட்டும்.

வெப்பமானி என்னும் சொல்லும் இவ்வாறே ஆராயத்தக்கது. காய்ச்சல் பார்க்கும் கருவிக்கு அது போதும். கலோரிமானிச் சோதனையிலோ வெப்பமும் வெப்பநிலையும் வேறு என்பதே பாடம். கருவி நேரே காட்டுவது வெப்பநிலையை; வெப்பத்தின் அளவு நிறை, தன்வெப்ப ஏற்புத்திறன், வெப்பநிலை மாற்றம் ஆகியவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. எனவே இங்கு வெப்பநிலைமானி என்பதே பொருந்தும். பேச்சுவழக்கில் வெப்பமானி நிலைத்திருப்பது இதற்குத் தடையாகாது.

எல்லாப் பெயர்களும் இத்துணைத் திருத்தத்தை வேண்டுவதில்லை. பாரமானி என்னும் பெயர் காற்றின் அழுத்தத்தைச் சொல்லாமற் பாரத்தைச் சொல்கிறது. மூலச்சொல்லின் முற்பகுதியும் கிரேக்கத்தில் பாரத்தையே குறித்தது. இவ்வொலியொப்புமை தற்செயலானது, அக்கிரேக்கச் சொல்லுக்கு வடமொழியில் உறவானது பாரம் அன்று, குரு என்பதாகும். எனினும் வேறெக்கருவியோடும் மயங்காமையால் பாரமானி குறையின்றிப் பயன்படுகிறது.

6. பொதுச்சொல்லின் பொருட்சுருக்கம்

புதிதாக ஆக்காமல், வழங்கும் சொல்லின் பொருளை வரையறுத்துக் கொண்டனவும் உள. பேச்சுவழக்கில் கண்ணாடி என்பது முகம் பார்ப்பது, மூக்கில் அணிவது, சன்னலில் பதிப்பது ஆகிய மூன்றையும் குறிக்கும். ஒளியியல் மேசையில் இப்பொதுமை உதவாது. ஆகவே எதிரொளிக்கும் பரப்பிற்கு ஆடி என்னும் பழஞ்சொல் ஒதுக்கப்பட்டுக் குழியாடி, குவியாடி என்பன பிறந்தன. ஒளியை ஊடே செலுத்துவது வில்லை அல்லது லென்ஸ் ஆயிற்று. கண்ணாடி என்பது செய்பொருளை மட்டும் குறித்துக் கண்ணாடிப் பட்டகம் என அடையாக நின்றது. சுற்றை மூடவும் திறக்கவும் உதவும் சாவியோ போர்த்துக்கீசியத்திலிருந்து வந்து வீட்டுச் சொல்லாகிப் பின் ஆய்வுக்கூடம் புகுந்தது. சொல்லின் பிறப்பன்று, அதன் தெளிவே அதனை அங்கு நிலைபெறச் செய்தது.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் மொழிபெயர்ப்பாளர்க்கு உதவும் நெறிகள் சில பெறப்படுகின்றன. தலைச்சொல் கருவியைக் கையாளும் முறையையும் அடைச்சொல் அளக்கப்படும் பொருளையோ அலகையோ உணர்த்துமாறு அமைத்தல் நன்று. ஒரு நூலுள் ஒரு வழக்கையே கைக்கொள்ளுதல் வேண்டும். சொற்பட்டியலை அகரவரிசையில் மட்டும் சரிபார்த்தல் போதாது. ஒவ்வொரு சோதனையிலும் உடன்வரும் கருவிகளின் பெயர்களை அருகருகே வைத்துச் சரிபார்த்தல் இன்றியமையாதது. பட்டியலில் பல பக்க இடைவெளியில் நின்று மயக்கம் தாராத இரு பெயர்கள், மேசையில் ஒரு சாண் இடைவெளியில் மாணவரை மயக்கக்கூடும்.