கடத்தல், மிரட்டல், கடைசி நிமிட விருந்தாளி... கொலம்பியா ஒரு கோல்கூட வாங்காமல் கோப்பை வென்ற கதை!

2024 கோபா அமெரிக்கா ஃபைனல். 112-வது நிமிடத்தில் அர்ஜென்டினாவின் லௌடாரோ மார்ட்டினெஸ் அடித்த கோல், கொலம்பியாவின் கனவை உடைத்தது. அதனால் அந்த நாட்டின் அலமாரியில் இன்றும் ஒரே ஒரு கோபா அமெரிக்கா கோப்பைதான் இருக்கிறது. 2001-ல் வாங்கியது. ஆனால், அந்தத் தொடர் நடந்ததே பெரிய கதை!

நடக்குமா, நடக்காதா?

2001-ல் கொலம்பியா உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்தது. அந்த ஆண்டு நகரங்களிலும் குண்டுகள் வெடித்தன. ஃபார்க் கெரில்லாக்களுடன் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்த அதிபர் ஆண்ட்ரெஸ் பாஸ்ட்ரானா, இந்தத் தொடரை 'அமைதிக் கோப்பை'யாக உலகுக்குக் காட்ட நினைத்தார்.

போட்டி தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது, கொலம்பிய கால்பந்து சம்மேளனத்தின் துணைத் தலைவர் எர்னான் மெஹியா காம்புசானோ கடத்தப்பட்டார். சில நாட்களில் விடுவிக்கப்பட்டாலும் பயம் போகவில்லை. தென் அமெரிக்கக் கால்பந்து அமைப்பான கான்மெபோல், தொடரை 2002-க்குத் தள்ளிவைப்பதாக அறிவித்தது. கொலம்பியா கொதித்தது. டிவி, ஸ்பான்சர் தரப்பிலிருந்தும் நெருக்கடி. ஜூலை 5-ம் தேதி கான்மெபோல் பல்டி அடித்தது. "திட்டமிட்டபடி ஜூலை 11-ல் கொலம்பியாவிலேயே நடக்கும்!"

வராதவர்களும் வந்தவர்களும்

தள்ளிவைப்பு செய்தி கேட்டு, அழைப்பின் பேரில் ஆடவிருந்த கனடா தன் அணியைக் கலைத்துவிட்டிருந்தது. அதன் இடத்துக்கு கோஸ்டாரிகா வந்தது. தொடர் தொடங்குவதற்கு முந்தைய நாள், வீரர்களுக்குக் கொலை மிரட்டல் என்று சொல்லி அர்ஜென்டினாவும் விலகியது.

அந்த இடத்துக்குக் கூப்பிடப்பட்ட அணி ஹோண்டுராஸ். கொலம்பிய விமானப்படை விமானத்தில் அவர்கள் வந்து இறங்கியபோது தொடரே தொடங்கிவிட்டது. கையில் ஆடுவதற்குப் போதுமான ஆட்கள் மட்டும்தான். முதல் மேட்ச்சில் கோஸ்டாரிகாவிடம் 0-1 தோல்வி. அவ்வளவுதான் என்று நினைத்தால், அடுத்து பொலிவியாவையும் உருகுவேயையும் வீழ்த்தினார்கள். காலிறுதியில் பிரேசில்! ரொனால்டோ, ரிவால்டோ இல்லாத அணி என்றாலும், பிரேசில் பிரேசில்தானே? 2-0 என ஜெயித்தது ஹோண்டுராஸ். அன்று தோற்ற அதே பயிற்சியாளர் ஸ்கொலாரிதான், அடுத்த ஆண்டு பிரேசிலுக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்தார். விருந்தாளியாக வந்த ஹோண்டுராஸுக்கு மூன்றாம் இடம். தொடரின் சிறந்த வீரரும் அவர்களுடைய அமாடோ குவேராதான்.

பூட்டிய கோல் போஸ்ட்

பிரான்சிஸ்கோ மதுரானா பயிற்சி கொடுத்த கொலம்பியா 6 மேட்ச் ஆடி, 11 கோல் அடித்தது. வாங்கியது? பூஜ்யம்! விக்டர் அரிஸ்டிசாபல் மட்டும் 6 கோல் அடித்தார். ஜூலை 29, பொகோட்டாவின் எல் காம்பின் மைதானத்தில் மெக்ஸிகோவுடன் ஃபைனல். 65-வது நிமிடத்தில் கேப்டன் இவான் கார்டோபா தலையால் முட்டி அடித்த ஒரே கோலில் கோப்பை கைக்கு வந்தது.

கோப்பை எதை மாற்றியது?

"அர்ஜென்டினாவே வராத கோப்பைதானே?" என்ற கேள்வி இன்றும் உண்டு. நியாயமான கேள்விதான். அதே ஆண்டு நவம்பரில், ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் உலகக் கோப்பை பிளே-ஆஃப் வாய்ப்பை உருகுவேயிடம் இழந்தது கொலம்பியா. அமைதிப் பேச்சும் 2002 பிப்ரவரியில் முறிந்தது. ஃபார்க்குடன் ஒப்பந்தம் கையெழுத்தாக 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு கோப்பை போரை நிறுத்திவிடாது. ஆனால், 'அங்கே போகாதீங்க' என்று உலகம் சொன்ன ஒரு நாட்டில், மூன்று வாரம் மைதானங்கள் நிரம்பின. கடைசி மேட்ச் வரை பந்து உருண்டது. கொலம்பியர்களுக்கு அந்த ஒரே கோப்பை இன்னும் அவ்வளவு கனமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.