பத்து ராகங்களும் மூன்று பெட்டிகளும்

மும்பை நகரம் பம்பாய் என்று அழைக்கப்பட்ட காலம், 1982ஆம் ஆண்டு. நாடெங்கும் டிஸ்கோ மோகம். 1980ல் வெளிவந்த "குர்பானி" படம் மூட்டிவிட்ட தீ அது. கல்யாண வீடானாலும் கணபதி பந்தலானாலும் ஒலிபெருக்கியில் அதே தாளம்தான்.

அந்த ஆண்டில் எச்.எம்.வி. முத்திரையுடன் ஓர் இசைத்தட்டு உருவாயிற்று. "டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள்" என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. பாட்டுக் கிடையாது, வார்த்தை கிடையாது. சினிமா மெட்டும் இல்லை, கச்சேரியும் இல்லை. வாங்குவோர் அதிகம் இல்லாமல், வந்த சுவடு தெரியாமல் அது மறைந்தது.

அதே தட்டை இன்று உலகெங்கும் உள்ள இசைப் பிரியர்கள் தேடி வாங்குகிறார்கள். வாசித்தவர் சரண்ஜித் சிங்.

பெயர் போடாத உழைப்பு

சரண்ஜித் சிங் பம்பாய் ஸ்டூடியோக்களில் வாசித்த வாத்தியக்காரர். கிதார், பேஸ் கிதார், கீபோர்டு என்று எது கொடுத்தாலும் வாசிப்பார். சங்கர் ஜெய்கிஷன், எஸ்.டி.பர்மன், ஆர்.டி.பர்மன், லட்சுமிகாந்த் பியாரேலால் ஆகியோரின் பாடல் பதிவுகளில் பங்கு கொண்டவர்.

அக்காலத்து இசைத்தட்டு உறைகளில் இசையமைப்பாளர் பெயர் இருக்கும், பாடகர் பெயர் இருக்கும், கவிஞர் பெயரும் இருக்கும். பின்னால் வாசித்த ஐம்பது அறுபது பேரின் பெயர் இருக்காது. வந்தார்கள், வாசித்தார்கள், கூலி வாங்கிக்கொண்டு லோக்கல் ரயிலைப் பிடித்தார்கள். சரண்ஜித் சிங்கும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். ஆனால் புதுக் கருவி எது வந்தாலும் வாங்கிப் பார்த்துவிடும் ஆசை அவருக்கு உண்டு. அந்த ஆசையில் சிங்கப்பூர் சென்றபோது ஜூபிடர்-8 என்ற சிந்தசைசரை வாங்கி வந்தார்.

சிந்தசைசர் என்பது என்ன?

வீணையில் தந்தி அதிர்கிறது. புல்லாங்குழலில் காற்று அதிர்கிறது. சிந்தசைசரில் அதிர்வது மின்சாரம். மின்சுற்று ஒன்று அலையை எழுப்பும். வடிகட்டி ஒன்று அந்த அலையைச் செதுக்கும். கடைசியில் ஒலிபெருக்கி அதைக் காதில் விழச் செய்யும். திருகாணிகளைத் திருப்பத் திருப்ப ஒலியின் குணம் மாறும். அமெரிக்காவில் ராபர்ட் மூக் 1964ல் இதற்கு வழி காட்டினார். ஆமதாபாதிலுள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்துக்கு 1969லேயே ஒரு மூக் கருவி வந்து சேர்ந்தது. ஆனால் அது ஆராய்ச்சிக்கூடத்துச் சொத்து. சாதாரண வாத்தியக்காரர் கைக்கு எட்டும்படி செய்தவை பிற்பாடு வந்த ஜப்பான் கம்பெனிகளே.

அவற்றில் ஒன்று, இக்குதாரோ ககேஹாஷி 1972ல் ஒசாகாவில் தொடங்கிய ரோலண்ட் நிறுவனம். சரண்ஜித் சிங் பயன்படுத்திய மூன்று பெட்டிகளும் அந்நிறுவனத்தின் தயாரிப்பே.

ஜூபிடர்-8 ஒரே சமயத்தில் எட்டு ஸ்வரங்களை ஒலிக்கும். 61 கட்டைகள் கொண்டது. 1980ல் வந்த டி.ஆர்.808 தாளப் பெட்டி. பதினாறு பொத்தான்களில் எதை அழுத்தி வைக்கிறோமோ அந்த இடத்தில் அடி விழும். டி.பி.303 சிறிய வெள்ளிநிறப் பெட்டி. பேஸ் கிதாருக்குப் பதிலாக வந்தது. ஸ்வரங்களை முன்கூட்டியே பதிந்து வைத்தால் அலுக்காமல் திரும்பத் திரும்ப வாசிக்கும். மூன்றையும் ஒன்றோடொன்று கம்பியால் இணைத்து, ஒரே காலப்பிரமாணத்தில் ஓடவிடலாம்.

ராகத்துக்கு ஏற்ற இயந்திரம்

டிஸ்கோ பாட்டில் ஒரு சில நொடிக்கு ஒருமுறை கார்டு மாறும். ராகத்தில் அந்த வேலை இல்லை. ஆதார சுருதி அசையாது; அதன் மேல் ஸ்வரங்கள் உலாவும். ஒரே வரியைச் சுற்றிச் சுற்றி வாசிக்கும் பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமான சங்கீதம் வேறு எது?

இன்னொரு விசேஷமும் உண்டு. ஆர்மோனியத்தில் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குத் தாவத்தான் முடியும். வழுக்கிச் செல்ல முடியாது. டி.பி.303ல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்ல வசதி இருந்தது. நம்மவர் ஜாரு என்பார்கள்; வடக்கே மீண்ட் என்பார்கள். ஜப்பான்காரர் பேஸ் கிதாரை நினைத்து வைத்த வசதி, பம்பாயில் ராகத்துக்கு உதவிற்று.

தட்டிலுள்ள ராகங்கள் வடநாட்டுப் பெயர் கொண்டவை. ஆனால் தமிழர் காதுக்குப் புதியவை அல்ல. பூபாளி நம் மோகனம். மால்கௌன்ஸ் நம் இந்தோளம். யமன், கல்யாணிக்கு நெருங்கிய உறவு. பைரவ், மாயாமாளவகௌளையின் ஸ்வரங்களைக் கொண்டது. வடக்கே தோடி என்பது நம் தோடி அல்ல, அது சுபபந்துவராளி.

பெட்டிகளின் தலையெழுத்து

தட்டு விற்கவில்லை என்றோம். பெட்டிகளின் கதையும் அப்படித்தான். டி.ஆர்.808ன் அடி, நிஜ டிரம் போல இல்லை என்றார்கள். 1983ல் உற்பத்தி நின்றது. டி.பி.303ல் ஸ்வரத்தை ஒருமுறையும் அதன் கால அளவை மறுமுறையும் பதிய வேண்டும். பழகுவதற்குள் பொறுமை போய்விடும். இவ்வளவு பாடுபட்டும் நிஜ பேஸ் கிதார் போலவும் ஒலிக்கவில்லை. 1984ல் அதுவும் நின்றது. இரண்டும் சேர்ந்து சுமார் இருபதாயிரம் பெட்டிகள்தான் தயாராயின.

பழைய சாமான் விலைக்கு வந்த டி.பி.303ஐ சிகாகோ நகரத்து இளைஞர்கள் வாங்கினார்கள். நிஜ வாத்தியம் போல ஒலிக்க வைக்க அவர்கள் முயலவில்லை. ஒலித்துக்கொண்டிருக்கும்போதே திருகாணிகளை இஷ்டம்போல் திருப்பினார்கள். பெட்டி முனகிற்று, கீச்சிட்டது, குமிழியிட்டது. 1987ல் பியூச்சர் என்ற குழு வெளியிட்ட தட்டிலிருந்து "ஆசிட் ஹவுஸ்" என்ற நடன இசை பரவி, ஐரோப்பாவையே ஆட்டி வைத்தது.

ஐந்து வருஷத்துக்கு முன்பே, சிகாகோவின் வாடை தெரியாமல், அதே பெட்டியில் அதே போன்ற ஒலியை எழுப்பியிருந்தார் பம்பாய் வாத்தியக்காரர் ஒருவர் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

டெல்லிக் கடையில் கிடைத்தது

2002ல் எடோ போமன் என்ற டச்சு இசைத்தட்டுச் சேகரிப்பாளர் டெல்லிக் கடையொன்றில் அந்தத் தட்டைக் கண்டெடுத்தார். பிறகு சரண்ஜித் சிங்கை மும்பையில் தேடிப் பிடித்தார். 2010ல் தட்டு மறுபடி வெளியாயிற்று. 1982ல் இப்படி ஓர் இசையா, யாரோ இப்போது செய்துவிட்டுப் பழைய தேதி போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. எழுபது வயதைத் தாண்டிய சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் ஏறி அதே ராகங்களை வாசித்துக் காட்டினார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார். பெயர் வர 28 ஆண்டுகள் பிடித்தது. அந்தப் பெயரை அனுபவிக்கக் கிடைத்தவை ஐந்தே ஆண்டுகள்.

மறு பக்கம்

இக்கதைக்கு மறு பக்கமும் உண்டு. 1983ல் வந்த "மிடி" என்ற பொது ஏற்பாட்டின்படி, எந்தக் கம்பெனியின் கருவியையும் வேறெந்தக் கம்பெனியின் கருவியோடும் இணைக்க முடிந்தது. 1986ல் "புன்னகை மன்னன்" படத்தில் இளையராஜா கம்ப்யூட்டர் வழியே இசையை ஓடவிட்டார். 1992ல் "ரோஜா" மூலம் ஏ.ஆர்.ரஹ்மான் வீட்டு ஸ்டூடியோவிலிருந்தே நாடறிந்தார். ரசிகர்களுக்குப் புது விருந்து. ஆனால் மும்பையிலும் சென்னையிலும் வயலினைத் தோளில் மாட்டிக்கொண்டு காலையில் புறப்பட்டவர்களில் பலருக்கு, அழைப்பு வருவது மெல்ல மெல்லக் குறைந்தது. முப்பது வயலின் செய்த வேலையை ஒரு கீபோர்டு ஒப்பேற்றிவிட்டது. இயந்திரம் வந்து மனிதன் விலகிய கதை, மில் தொழிலாளிக்கும் தட்டெழுத்தருக்கும் புதிதல்ல.

பழசும் புதுசும்

இன்று அசல் டி.பி.303ஐ வாங்கப் புறப்பட்டால் சில லட்சம் ரூபாய் வேண்டும். ரோலண்ட் நிறுவனமே 2016ல் டி.பி.03, 2017ல் டி.ஆர்.08 என்ற சிறு பெட்டிகளாக அவற்றை மறுபடி கொண்டு வந்தது. பெரிங்கர் நிறுவனம் 2019ல் டி.டி.3 என்ற மலிவுப் பிரதியைத் தந்தது. கம்ப்யூட்டரிலும் கைப்பேசியிலும் அதே ஒலியைத் தரும் செயலிகள் உள்ளன. கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர் அசலுக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது. நிஜ வாத்தியத்துக்குப் பதிலாள் என்று வந்தபோது அந்தப் பெட்டிகள் தோற்றன. தங்கள் சொந்தக் குரலில் பேச விட்டபோது ஜெயித்தன. அடுத்தவர் பாட்டுக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் வாசித்த சரண்ஜித் சிங்கும் தம் சொந்தக் குரலில் பேசியது அந்த ஒரு தட்டில்தான். உலகம் அவரை நினைவில் வைத்திருப்பதும் அதற்காகத்தான்.