மூளையை அறியும் மெல்லிய காந்தம்

நான் ஆசிரியராக இருந்த காலத்தில், வகுப்பில் ஒரு மாணவன் வலிப்பு வந்து விழுந்தான். பதறிப்போய் அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தேன். இரும்பால் வலிப்பு நிற்காது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

வலிப்பு, மூளை நரம்பணுக்களில் எழும் கட்டுக்கடங்காத மின்கிளர்ச்சி. மருந்துக்கு அடங்காத சிலருக்கு, அது தொடங்கும் இடத்தைக் கண்டறிந்து அறுவைச் சிகிச்சை செய்வதுண்டு. அவ்விடத்தைக் கண்டறிய இரண்டு கருவிகள் துணைபுரிகின்றன.

எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பைப் படமாகக் காட்டும். எம்.இ.ஜி. என்பது நரம்பணுக்களின் மின்னோட்டத்தால் உண்டாகும் காந்தப் புலத்தை அளந்து, மூளையின் செயலை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நுட்பத்துடன் பதிவு செய்யும். முன்னது ஊரின் வரைபடம் என்றால், பின்னது அங்குள்ள நடமாட்டம்.

இரண்டையும் தனித்தனியே எடுத்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும்போது சில மில்லிமீட்டர் பிசகலாம். பேச்சுக்குரிய பகுதியின் அருகே கத்தி வைக்கும் மருத்துவருக்கு அது சிறு பிழையன்று.

ஒரே கருவியில் இரண்டையும் எடுத்தால் என்ன? அங்கேதான் சிக்கல். மருத்துவமனைகளில் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. காந்தம், பூமியின் காந்தத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு வலியது. மூளையின் காந்தமோ பூமியினுடையதில் பத்துக் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. தவில் முழக்கத்தினிடையே எறும்பு ஊரும் ஓசையைக் கேட்க இயலுமா?

எனவே அறிஞர்கள் காந்தத்தைக் குறைத்தனர். முதலில் சற்று வலிய காந்தத்தைச் சிறிது நேரம் செலுத்தி, தலையிலுள்ள நீரின் அணுக்கருக்களை ஒருமுகப்படுத்துகிறார்கள். பிறகு அதை நிறுத்திவிட்டு, மிக மெல்லிய புலத்தில் அவை தரும் சைகையைப் பதிவு செய்கிறார்கள். எம்.இ.ஜி.யில் பயன்படும் ‘ஸ்குவிட்’ உணரியே இதையும் கேட்டுக்கொள்கிறது. அவ்வுணரியைத் திரவ ஹீலியத்தால் ஏறத்தாழ –269 பாகை செல்சியசுக்குக் குளிர்விக்க வேண்டும்.

2008-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தார், பூமியின் காந்தத்தையொத்த 46 மைக்ரோ டெஸ்லாவில் மனித மூளையைப் படமெடுத்து, அதே கருவியால் எம்.இ.ஜி.யும் பதிவு செய்தனர். பின்னர் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தார், முழுத் தலையையும் சூழும் எம்.இ.ஜி. கருவியுடன் இம்முறையை இணைத்து, 2013-இல் கட்டுரை வெளியிட்டனர்.

படம் இன்னும் போதிய தெளிவு பெறவில்லை; எடுக்க நேரமும் கூடுதல். ஆதலால் இது ஆய்வுக்கூட முயற்சியாகவே உள்ளது. ஆயினும், வலிமையைக் குறைத்ததால் இரண்டு கருவிகள் ஒன்றாயின என்பது சிந்திக்கத்தக்கது.

அன்பர்களே, எவருக்கேனும் வலிப்பு வந்தால் கையிலோ வாயிலோ எதையும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் உடனே ஆம்புலன்சை அழையுங்கள். பிரார்த்தனையும் செய்வோம், மருத்துவரையும் நாடுவோம்.