திறன்பேசிவழிப் பாத அளவீடு

திறன்பேசிவழிப் பாத அளவீடு என்பது திறன்பேசியின் ஒளிப்படக் கருவியையும் அதற்கான செயலியையும் கொண்டு ஒருவரது பாதத்தின் நீளம், அகலம், உயரம் முதலியவற்றைக் கணிக்கும் முறையாகும். கடைக்குச் செல்லாமலே பொருத்தமான காலணியைத் தேர்ந்தெடுக்கவும், தனி அளவில் செய்து வாங்கவும் இது பயன்படுகிறது.

முந்தைய முறைகள்

காலணி தைப்பவர் வாடிக்கையாளரைத் தாளின்மேல் நிற்கவைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு வரைவார். பின்பு விரல் மூட்டுப் பகுதியின் சுற்றளவையும் மேற்பாதத்தின் சுற்றளவையும் நாடாவால் எடுப்பார். 1920களில் அமெரிக்காவின் சிராக்கியூஸ் நகரைச் சேர்ந்த சார்லஸ் பிரானக் உலோகத்தாலான அளவுகருவி ஒன்றை உருவாக்கினார். நீளம், அகலம் ஆகியவற்றுடன் குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரையுள்ள தொலைவையும் அது காட்டியது. காலணி மடங்கும் இடமும் கால் மடங்கும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதால் இந்த மூன்றாவது அளவு முக்கியமானது.

செயல்படும் விதம்

ஓர் ஒளிப்படத்தில் படப்புள்ளிகள் மட்டுமே உள்ளன, மில்லிமீட்டர் இல்லை. ஆகவே அளவு தெரிந்த பொருள் ஒன்று பாதத்துடன் படத்தில் இருக்கவேண்டும். பல செயலிகள் ஏ4 தாளைக் கேட்பது இதனால்தான். அதன் அளவு 210 × 297 மி.மீ. தாளின் ஓரங்களைக் கண்டறிந்து, ஒரு மி.மீ.க்கு எத்தனை படப்புள்ளிகள் எனச் செயலி கணக்கிடுகிறது.

தாள் மாறினால் கணக்கும் மாறும். அமெரிக்காவில் புழங்கும் லெட்டர் தாளின் நீளம் 279 மி.மீ. அதை ஏ4 என்று செயலி எடுத்துக்கொண்டால், 250 மி.மீ. நீளமுள்ள பாதம் 266 மி.மீ. எனக் காட்டப்படும். பிரித்தானிய முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடைவெளி ஏறத்தாழ 8.5 மி.மீ. என்பதால், இது இரண்டு எண்கள் அளவுக்குப் பிழை. தாளை அளவுகோலால் அளந்து பார்க்க அரை நிமிடம் போதும். பலரும் அதைச் செய்வதில்லை.

உயரமும் பிழை தரும். பாதத்தின் அகன்ற பகுதி தரையிலிருந்து 2 செ.மீ. மேலே இருப்பதாகவும், 60 செ.மீ. உயரத்திலிருந்து படம் எடுப்பதாகவும் கொள்வோம். தாளைவிடக் கருவிக்கு அருகில் இருப்பதால் அப்பகுதி ஏறக்குறைய 3 விழுக்காடு பெரிதாகத் தெரியும். நல்ல செயலிகள் பல கோணங்களில் படம் எடுக்கச் சொல்லி, அவற்றை இணைத்து முப்பரிமாண உருவம் அமைப்பது இதைச் சரிசெய்யத்தான். 2017இல் வந்த ஐபோன் X போன்ற சில திறன்பேசிகளில் அகச்சிவப்புப் புள்ளிகளை வீசித் தொலைவை நேரடியாக அறியும் வசதி உண்டு. அவற்றுக்குத் தாள் தேவையில்லை. 2019இல் நைக்கி நிறுவனம் அறிவித்த செயலி வசதி, பாதத்தில் 13 அளவுப் புள்ளிகளைத் திரட்டுவதாகக் கூறியது.

அளவெடுக்கும்போது

உட்கார்ந்து எடுத்த அளவு போதாது. எடை ஏறியதும் பாதவளைவு தாழ்ந்து, பாதம் சில மி.மீ. நீண்டு அகலும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அந்நேரமே ஏற்றது. இரண்டு பாதங்களும் ஒன்றுபோல் இருப்பது அரிது. இரண்டையும் அளந்து பெரியதற்கு ஏற்பக் காலணி தேர்ந்தெடுக்கவேண்டும். வெள்ளைத் தாளின்மேல் வெள்ளைக் காலுறை அணிந்து நின்றால் செயலிக்கு ஓரம் பிடிபடாது.

அளவிலிருந்து காலணி வரை

பாதத்தின் அளவும் காலணியின் அளவும் ஒன்றல்ல. நடக்கும்போது விரல்கள் முன்னோக்கி நகர்வதால் முன்புறம் சுமார் 1 செ.மீ. இடம் விடப்படுகிறது. காலணிகள் 'லாஸ்ட்' எனப்படும் கால் வடிவ அச்சின்மேல் உருவாகின்றன. அந்த அச்சு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். இந்தியர்களின் பாதங்களுக்கெனத் தனி அளவுமுறை வகுக்க, சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. இதற்குத் திறன்பேசி அன்றி முப்பரிமாண வருடி இயந்திரங்களே பயன்பட்டன. இதிலிருந்து உருவான அளவுமுறைக்கு 'பா' என்று பெயர்.

நீரிழிவு நோயாளிகள்

செயலி வடிவத்தை அளக்கிறது. அழுத்தத்தையும் உணர்ச்சியையும் அளப்பதில்லை. நலமாக இருப்பவருக்குக் காலணி கடித்தால் வலிக்கும், கழற்றிவிடுவார். நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டவருக்கு அந்த வலி தெரியாது. சிறிய உராய்வு புண்ணாகி, சீழ் பிடித்து, விரலையோ காலையோ அகற்றும் நிலைக்கும் கொண்டுபோகலாம். அதிலும், இறுக்கமாக இருந்தால்தான் காலணி போட்ட உணர்வே வருகிறது என்று இவர்களில் சிலர் சிறிய அளவை விரும்புவதுண்டு.

மருத்துவர்கள் 10 கிராம் விசை தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிக்கின்றனர். எந்த இடத்தில் அழுத்தம் மிகுதி என்பதை அழுத்த உணரிப் பலகை காட்டும். இவற்றின் அடிப்படையில்தான் எம்.சி.ஆர். செருப்போ தனி உள்ளடியோ பரிந்துரைக்கப்படுகிறது. செயலி தந்த அளவை இத்துடன் சேர்த்துப் பயன்படுத்தலாம். அதை மட்டும் நம்பி இவர்கள் காலணி வாங்கலாகாது. புதிய காலணியை முதல் நாளில் ஓரிரு மணி நேரம் மட்டுமே அணிந்து, கழற்றியவுடன் விரலிடுக்கு, குதிகால், பெருவிரல் மூட்டு ஆகிய இடங்களில் சிவப்போ கொப்புளமோ உள்ளதா என்று பார்க்கவேண்டும். பார்வை குறைந்தவர்களுக்கு வீட்டில் உள்ளவர்கள் பார்த்துச் சொல்லலாம்.