கடைசி இலக்கம் எங்கே போனது?

உங்கள் உலாவியின் கன்சோலைத் திறந்து 9007199254740993 என்று தட்டி, என்டரை அழுத்திப் பாருங்கள். 9007199254740992 என்று திரும்பி வரும். எச்சரிக்கை இல்லை, சிவப்பு எழுத்து இல்லை. ஒன்று குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

ஜாவாஸ்கிரிப்ட் வழக்கமான எண்களை எல்லாம் 64 பிட் மிதவைப் புள்ளி முறையில் வைத்துக்கொள்கிறது. அதில் ஒரு பிட் குறிக்கு, 11 பிட் அடுக்குக்கு. எண்ணின் இலக்கங்களுக்குக் கிடைப்பது 53 பிட் துல்லியம்தான். இரண்டின் 53-ஆம் அடுக்கைத் தாண்டினால் ஒற்றைப்படை எண்களுக்கு இடமே கிடையாது. அடுத்த அடுக்கையும் தாண்டினால் நான்கின் மடங்குகள் மட்டுமே தப்பும்.

இது 2010-இல் ட்விட்டரின் தலைவலி ஆனது. ஒவ்வொரு பதிவுக்கும் வரிசையாக எண் கொடுத்துவந்த அந்த நிறுவனம், ஸ்னோஃப்ளேக் என்ற புதிய முறைக்கு மாறியது. பல கணினிகள் ஒன்றையொன்று கேட்காமலே தனித்தனியாக எண் உருவாக்க வேண்டும், எண்கள் மோதவும் கூடாது. அதற்காக மில்லிநொடிக் கணக்கில் நேரத்துக்கு 41 பிட், கணினிக்கு 10 பிட், ஒரே மில்லிநொடிக்குள் வரிசைக்கு 12 பிட் என்று பிரித்தார்கள். நேரக் கணக்கின் தொடக்கம் 2010 நவம்பர் 4. கணக்குப் போட்டுப் பார்த்தால், 25 நாளுக்குள்ளாகவே எண்கள் 53 பிட்டைத் தாண்டிவிடுகின்றன.

இந்த வகைக் கோளாறைத் தேடுபவரின் அவஸ்தை தனி. பதிவு திரையில் சரியாகத் தெரியும். அதை அழிக்கப் போனால், அப்படி ஒரு பதிவே இல்லை என்பார் சர்வர்காரர். ஜாவாவில் எழுதிய கிளையன்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். உலாவியில் சில பதிவுகள் மட்டும் காணாமல் போகும். சோதனை சர்வரில் போட்டுப் பார்த்தால் பிழையே எட்டிப் பார்க்காது. கூட்டமில்லாத சர்வரில் ஒரு மில்லிநொடிக்கு ஒரு பதிவுகூட வராதே! வரிசைக்கான 12 பிட்டும் பூஜ்யமாகவே இருக்கும். எண் 4096-இன் மடங்காகிவிடும், எந்தச் சேதமும் இல்லாமல் 53 பிட்டுக்குள் அடங்கிவிடும். நெரிசல் இருக்கும் இடத்தில்தான் கடைசி இலக்கங்கள் சிதையும்.

குற்றவாளி யார்? சர்வரும் உலாவியும் தரவைப் பரிமாறிக்கொள்ளும் ஜேசன் (JSON) வடிவத்தின் இலக்கணம், எண் எப்படி எழுதப்படும் என்று சொல்கிறது, எத்தனை இலக்கம் வரை என்று சொல்வதில்லை. ஜேசனுக்கான 2017-இன் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 8259, 53 பிட்டுக்குள் இருந்தால் எல்லாரும் ஒரே மதிப்பைப் படிப்பார்கள் என்கிறது. அது யோசனைதான், தடை இல்லை. அனுப்புகிறவர் மனதில் 64 பிட் முழு எண், வாங்குகிறவர் மனதில் மிதவை எண். இரண்டுமே விதிக்கு உட்பட்டவை.

எனக்குத் தெரிந்து இந்தக் கோளாறைக் கண்டறிய ஒரே நேர்வழி, நிரல் கைவைக்கும் முன்பு கம்பியில் வந்த எழுத்துகளைப் பார்ப்பதுதான். கர்ல் போன்ற கருவியில் பதிலை அப்படியே எடுத்து, பிரித்துப் படித்த பிறகு கிடைத்த எண்ணோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிட வேண்டும். பிரித்த பிறகு சரிசெய்யலாம் என்பது வீண் முயற்சி. தொலைந்த பிட் திரும்பாது. 2020-இல் ஜாவாஸ்கிரிப்டுக்கு, பெரிய முழு எண்களைத் தாங்கும் பிக்இன்ட் என்ற வகை வந்தும், ஜேசனைப் படிக்கும் வழக்கமான செயல்கூறு தானாக அதைப் பயன்படுத்துவதில்லை.

பாஸ்டனின் 02108 என்ற அஞ்சல் குறியீட்டை எக்செல் 2108 ஆக்குவதும் இதே குடும்பத்துக் கோளாறுதான். பதிவின் எண்ணையோ அஞ்சல் குறியீட்டையோ யாரும் கூட்டிப் பெருக்கப் போவதில்லை. இலக்கத்தில் எழுதிய பெயர்கள் அவை. ட்விட்டரும் எண்ணைப் பெயராக நடத்தித்தான் சிக்கலைத் தீர்த்தது. ஐடி என்ற எண்ணோடு, ஐடி_எஸ்டிஆர் என்று மேற்கோள் குறிக்குள் அதே எண்ணை எழுத்தாகவும் சேர்த்து அனுப்பியது. பழைய கிளையன்டுகள் உடையக்கூடாதே என்று ஐடியையும் விட்டுவைத்தார்கள். நிரல் எழுதுகிறவரின் கையோ, இரண்டில் குட்டையான பெயரைத்தான் முதலில் தேடுகிறது.