சிரட்டைக் கரியும் குடிதண்ணீரும்



என் ஊர் ஸ்ரீவைகுண்டம். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு எங்கள் ஊரில்தான் இருக்கிறது. ஆற்றங்கரையில் பிறந்தும், நல்ல தண்ணீர் எது என்று நான் தெரிந்துகொண்டது 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகுதான்.

அந்த 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஊரே தீவாகிவிட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், நூற்றுக்கணக்கான பயணிகளோடு எங்கள் ஸ்டேஷனில் நின்றுபோனது நினைவிருக்கும். வெள்ளம் வடிந்து, கிணற்றுத் தண்ணீர் தெளிந்த பிறகும் வாடை மட்டும் போகவில்லை. வீட்டிலிருந்த கார்பன் ஃபில்டரில் அம்மா ஊற்றிப் பிடித்தாள். வாடை போன இடம் தெரியவில்லை! "தண்ணி பளிங்கு மாதிரி இருக்குல்லா, குடிக்கலாமாலே?" என்று என்னைக் கேட்டாள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்கப் போனவன் நான். "குடிக்கலாம்மா" என்றேன். மூன்றாம் நாள் தம்பிக்கு வயிற்றுப்போக்கு. குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "தண்ணியக் கொதிக்க வச்சீங்களா?"

கரி ஏமாற்றிவிட்டதா? இல்லை. அதன் வேலை எது என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தேங்காய்ச் சிரட்டையைக் காற்று அதிகம் படாமல் சுட்டால் கரி கிடைக்கும். அந்தக் கரியை 800 முதல் 1,000 டிகிரி வரையிலான சூட்டில் நீராவிக்கு உட்படுத்தினால், உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்துளைகள் திறந்துகொள்ளும். இதுதான் கிளர்வுற்ற கரி, அதாவது ஆக்டிவேட்டட் கார்பன். இப்படிப்பட்ட ஒரு கிராம் கரியின் உட்பரப்பு சுமார் 1,000 சதுர மீட்டர். நம்மூர்க் கணக்கில் 25 சென்ட் வயல்! ஒரு சிட்டிகைக் கரிக்குள் கால் ஏக்கர்!

தண்ணீர் இதன் வழியே மெதுவாக இறங்கும்போது வாடை, நிறம் தரும் கரிமப் பொருட்களும், பூச்சிமருந்து போன்ற சில ரசாயனங்களும் துளைச் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. பஞ்சு தண்ணீரைக் குடிப்பதுபோல் உள்ளே இழுப்பதல்ல இது. பரப்பின் மேல் பிடித்து வைப்பது. ஆகவே இதற்குப் பரப்புக் கவர்தல் என்று பெயர். குளோரினைக் கரி வேதிவினையால் குளோரைடாக மாற்றிவிடுகிறது. முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிக்குள் சிரட்டைக் கரியையும் வைத்தார்கள்.

சரி, இது செய்யாதது என்ன?

உப்பை நீக்காது. கடற்கரைப் பக்கத்து உப்புத்தண்ணீருக்கு ஆர்.ஓ. சவ்வுதான் வேண்டும். கிருமியைக் கொல்லாது. இன்னும் கேளுங்கள்: கிருமியைத் தடுக்கும் குளோரினையும் இது எடுத்துவிடுவதால், மாற்றாமல் விட்ட பழைய கரியிலேயே கிருமி குடியேறிப் பெருகும்! சில கம்பெனிகள் கரியில் வெள்ளி சேர்ப்பது அதைக் குறைக்கத்தான். துளைகள் நிரம்பிவிட்டால் பிடிக்கிற சக்தியும் போய்விடும். எனவே குறித்த காலத்தில் கரியை மாற்றியே ஆக வேண்டும்.

100 மில்லி குடிநீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம் 10500. அதை மூக்கால் மோந்து பார்த்தா கண்டுபிடிக்க முடியும்?

நண்பர்களே, வீட்டில் நம்மைக் கேட்டுத்தான் தண்ணீர் குடிக்கிறார்கள். கரியில் வடிகட்டுங்கள், நல்லதுதான். ஆனால் அதன்பின் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வையுங்கள். எங்கள் வீட்டு அடுப்பில் இப்போது தினமும் முதலில் ஏறுவது தண்ணீர்ப் பானைதான். ஏற்றி வைப்பவன் நான்.